2 வயதுக் குழந்தைக்கு ஸ்வெட்டர், பேன்ட், குல்லா: ஒரே செட்டாகப் பின்னும் முறை

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் அழகாகத்தான் இருக்கும். குழந்தைக்குப் போட்டுப் பார்க்கும்போது பேன்ட் ஒரு சாயல் வெளுத்திருக்கும், குல்லாவின் பின்னல் இறுக்கமாகத் தெரியும், கோடுகள் ஸ்வெட்டரில் ஒரு வரிசையிலும் குல்லாவில் தலைகீழாகவும் நிற்கும். செட் பின்னும்போது சறுக்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். அதனால் கண்ணிக் (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) கணக்கோடு இவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

இங்கே தரும் கணக்கு மார்பு 53 செ.மீ., தலை 48 செ.மீ. உள்ள, ஏறக்குறைய 2 வயதுக் குழந்தைக்கு. வயதை நம்பாமல் டேப்பை நம்புங்கள். இடுப்பை டயப்பரோடு அளக்க வேண்டும்.

நூலும் ஊசியும்

நடுத்தர மெல்லிய நூல், அதாவது டி.கே. கனம் வேண்டும். 50 கிராம் உருண்டையில் 110 முதல் 120 மீட்டர் வரை இருக்கும். முழு செட்டுக்கு 650 முதல் 700 மீட்டர் வரை பிடிக்கும், எனவே 7 உருண்டை. எடையைப் பார்த்து வாங்காதீர்கள், லேபிளில் உள்ள மீட்டரைப் பாருங்கள். பருத்தி நூல் அதே எடைக்கு நீளம் குறைவு. கோடுகளுக்கு வேறு இரண்டு நிறங்களில் தலா ஒரு சிறு உருண்டை போதும். வீட்டில் மிஞ்சிக் கிடப்பதே சரியாக வரும்.

எல்லா உருண்டைகளிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டவை என்பதைக் காட்டும் லேபிள் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடை வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு லாட்டுகள் பகல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே லாட்டில் 7 கிடைக்காவிட்டால், ஒரு லாட்டை ஸ்வெட்டருக்கும் மற்றதைப் பேன்ட்டுக்கும் ஒதுக்குவதுதான் பலர் செய்யும் தவறு. பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதற்குப் பதிலாக இரண்டு லாட்டிலிருந்தும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குப் பிடிபடாது.

மெஷினில் துவைக்கத் தகுந்த கம்பளி, அல்லது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் எடுங்கள். முழுப் பருத்தி கனமாக இருக்கும். பேன்ட்டின் முழங்கால் நான்கே நாளில் தொங்கிவிடும். மொஹேர், அங்கோரா போன்ற பஞ்சு பறக்கும் நூல்கள் எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு வேண்டாம்.

4 மி.மீ. சர்குலர் ஊசி 80 செ.மீ. நீளத்தில் ஒன்று, ரிப்புக்கு (விளிம்பில் வரும், இழுபடும் பட்டைப் பின்னல்) 3.5 மி.மீ. ஒன்று, குல்லா, பேன்ட், கை போன்ற சிறு வட்டங்களுக்கு அதே அளவுகளில் இருமுனை ஊசி செட், 4 மார்க்கர் (ஊசியில் இடம் குறிக்கும் வளையம்), 12 மி.மீ. பட்டன் 6, 2 செ.மீ. அகல எலாஸ்டிக்.

கேஜ்

10 செ.மீ.யில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை விழுகிறது என்பதுதான் கேஜ். இங்கே 22 கண்ணி, 30 வரிசை. மாதிரித் துண்டு பின்னும்போது 36 கண்ணியாவது போட்டு 15 செ.மீ. உயரம் வரை பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு நடுவில் அளங்கள். ஓரத்தை ஒட்டி அளந்தால் கணக்கு பொய் சொல்லும். உங்கள் கைக்கு 24 கண்ணி வந்தால், 60 செ.மீ. வரவேண்டிய ஸ்வெட்டர் 55 செ.மீ.யில் நிற்கும், உள்ளே ஒரு சட்டை போட்டால் பட்டன் மாட்டாது. ஊசியை 4.5 ஆக மாற்றி மறுபடி பாருங்கள்.

செட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. முன்திறப்பு ஸ்வெட்டரின் உடம்பு திரும்பித் திரும்பிப் பின்னப்படுகிறது. குல்லாவும் பேன்ட்டும் வட்டமாக. பலருக்குப் பர்ல் (எதிர்ப்பின்னல்) வரிசை நிட் (நேர்ப்பின்னல்) வரிசையைவிடத் தளர்வாக விழும். வட்டத்தில் பர்ல் வரிசையே இல்லாததால் அதே ஊசியில் பின்னினாலும் துணி இறுக்கமாகிறது. அதனால் முதலில் குல்லாவைப் பின்னுங்கள். வட்டப் பின்னலில் உங்கள் கேஜ் என்ன என்பதை அதுவே காட்டிவிடும். தேவைப்பட்டால் வட்டமாகப் பின்னும் பாகங்களுக்கு மட்டும் கால் அல்லது அரை மி.மீ. பெரிய ஊசி எடுத்துக்கொள்ளலாம்.

கோடுகள்

ரிப்பை ஒட்டி 4 வரிசை முதல் நிறம், 2 வரிசை அடிப்படை நிறம், 2 வரிசை இரண்டாம் நிறம். குல்லாவைக் கீழிருந்து மேலே பின்னுகிறோம், எனவே ரிப் முடிந்ததும் இந்த வரிசையிலேயே வரும். ஸ்வெட்டரும் பேன்ட்டும் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அங்கே தலைகீழாக 2 வரிசை இரண்டாம் நிறம், 2 அடிப்படை, 4 முதல் நிறம், பிறகு ரிப். அகலக் கோடு எப்போதும் ரிப் பக்கம் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. பூ, பறவை போன்ற உருவம் வைக்க நினைப்பவர்கள் ஸ்வெட்டருக்கு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் படிக்க வேண்டும்.

வட்டத்தில் நிறம் மாற்றும் இடத்தில் ஒரு படி தெரியும். புது நிறத்தில் ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்று தொடங்கும்போது, முதல் கண்ணிக்குக் கீழே இருக்கும் பழைய நிறக் கண்ணியை ஊசியில் தூக்கி, இரண்டையும் சேர்த்து நிட் செய்தால் படி அடங்கிவிடும்.

குல்லா

3.5 ஊசியில் 96 கண்ணி தளர்வாகப் போட்டு, முறுக்கு விழாமல் வட்டமாக இணையுங்கள். 2 நிட், 2 பர்ல் ரிப் 14 சுற்று; விளிம்பை மடித்துப் போட வேண்டுமானால் 26 சுற்று. 4 மி.மீ.க்கு மாறி நிட் மட்டும் 24 சுற்று, அதில் முதல் 8 சுற்று கோடுகள். பிறகு உச்சி: 10 நிட், 2 சேர்த்து நிட், இதையே 8 முறை. அடுத்த சுற்று வெறும் நிட். அடுத்து 9 நிட், 2 சேர்த்து நிட். இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, 6 முறை குறைத்தால் 48 கண்ணி மிஞ்சும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 8 கண்ணி ஆனதும் நூலை வெட்டி, எல்லாக் கண்ணிகளிலும் இரண்டு முறை கோத்து இறுக்கி உட்புறம் முடியுங்கள்.

சுற்றளவு 44 செ.மீ.க்கு அருகில் வரும். தலையைவிடச் சிறியதாக இருப்பதுதான் சரி. தலை அளவுக்கே பின்னினால் கண்ணை மறைக்கும். தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் கயிறு வைக்காதீர்கள். கழுத்தருகே கயிறு எதிலாவது மாட்டினால் ஆபத்து.

ஸ்வெட்டர்

3.5 மி.மீ. ஊசியில் 70 கண்ணி. 6 வரிசை முழுக்க நிட். முதல் வரிசை நல்ல பக்கம் (வெளியே தெரியும் பக்கம்). மூன்றாம் வரிசையின் தொடக்கத்தில் முதல் பட்டன் துளை: 2 நிட், ஊசியில் நூலை ஒரு சுற்று, 2 சேர்த்து நிட், 2 நிட். இந்த 6 கண்ணிதான் பட்டன் பட்டை. இரு ஓரத்திலும் இந்த 6 கண்ணி கடைசி வரை எல்லா வரிசையிலும் நிட்டாகவே வரும்.

4 மி.மீ.க்கு மாறி மார்க்கர் வையுங்கள்: 15 முன்பக்கம், 8 கை, 24 முதுகு, 8 கை, 15 முன்பக்கம். ராக்லன் (கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக இறங்கும் தோள் கோடு) தொடங்கும் முன் முதுகுப் பக்கத்தைச் சற்று உயர்த்த வேண்டும். இதைத் தவிர்த்தால் முன்கழுத்து தொண்டையில் ஏறி உட்காரும், குழந்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏழாம் வரிசையில் நான்காம் மார்க்கரைத் தாண்டி 4 கண்ணி வரை நிட் செய்து திரும்புங்கள். பர்ல் செய்துகொண்டு எதிர்ப்பக்க மார்க்கரைத் தாண்டி 4 கண்ணியில் திரும்புங்கள். அடுத்து இரு பக்கமும் மார்க்கர் வரை மட்டும் போய்த் திரும்பி, கடைசியில் ஓரம் வரை முடியுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் நூலை முன்னால் கொண்டுவந்து, முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இறுக்கி இழுத்தால் அந்தக் கண்ணி இரண்டு காலோடு நிற்கும். பிறகு அதைக் கடக்கும்போது இரண்டு காலையும் ஒரே கண்ணியாகப் பின்னினால் ஓட்டை விழாது. மறுபக்க வரிசை எட்டு வழக்கம்போல்: பட்டை 6 நிட், நடுவில் பர்ல், பட்டை 6 நிட்.

ஒன்பதாம் வரிசையில் கூட்டல் ஆரம்பம். மார்க்கருக்கு 1 கண்ணி முன் வரை நிட். இரு கண்ணிகளுக்கு நடுவே உள்ள நூலைத் தூக்கி, அதன் பின்புறமாக முறுக்கி நிட். 1 நிட், மார்க்கர், 1 நிட், மறுபடி ஒரு கூட்டல். நான்கு மார்க்கரிலும் இப்படிச் செய்தால் வரிசைக்கு 8 கண்ணி கூடும். முறுக்காமல் விட்டால் தோள் கோடு முழுவதும் வரிசையாக ஓட்டைதான். நல்ல பக்க வரிசை ஒவ்வொன்றிலும், மொத்தம் 19 முறை கூட்டினால் 222 கண்ணி: 34, 46, 62, 46, 34. இந்த எண்கள் வராமல் கையைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு மார்க்கரில் ஒரு பக்கக் கூட்டல் விட்டுப்போயிருக்கும்.

வரிசை 47: 34 நிட், கையின் 46 கண்ணியை வேறு நூலில் கோத்து ஒதுக்கி, அக்குளுக்கு 4 கண்ணி புதிதாகப் போட்டு, முதுகு 62, மறுகையும் அவ்வாறே, பிறகு 34. இப்போது ஊசியில் 138 கண்ணி. வரிசை 88 வரை நேராக, கடைசி 8 வரிசை கோடுகள். 3.5 ஊசியில் 12 வரிசை ரிப். பட்டைகளுக்கு நடுவே 126 கண்ணி இருப்பதால் 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியும். கண்ணிகளை மூடி முடிக்கும்போது தளர்வாக மூடுங்கள். பட்டன் துளைகள் ஓரத்து வரிசை எண்ணிக்கையில் 3, 21, 39, 57, 75, 93.

இரு பக்கமும் நிட்டாக வரும் பட்டை, நிட்-பர்ல் துணியைவிட உயரம் குறைவாக வளரும். கவனிக்காவிட்டால் முன்பக்கம் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஏறக்குறைய 16 வரிசைக்கு ஒரு முறை, பட்டையின் 6 கண்ணியை மட்டும் கூடுதலாகப் போய் வந்து பின்னுங்கள், இரு ஓரத்திலும். இந்த உபரி வரிசைகளைத் துளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கைக்கு 46 கண்ணியை ஊசிக்கு எடுத்து, அக்குளில் 4 கண்ணி அள்ளுங்கள். அந்த இரு மூலையிலும் ஓட்டை வருவது வழக்கம். மூலைக்கு ஒன்றாக 2 கண்ணி கூடுதலாக அள்ளி, முதல் சுற்றிலேயே பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் மறைந்துவிடும். ஆக 50. சுற்றின் தொடக்கம் அக்குளின் நடுவில். 6 சுற்றுக்கு ஒரு முறை தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக, 7 முறை குறைத்தால் 42 சுற்றில் 36 கண்ணி. 8 சுற்று கோடுகள், 3.5 ஊசியில் 14 சுற்று ரிப். வளரும் குழந்தைக்கு ரிப்பை 20 சுற்றாக்கி மடித்து விடலாம்.

பேன்ட்

3.5 ஊசியில் 120 கண்ணி வட்டமாக. 8 சுற்று நிட், 1 சுற்று பர்ல், 8 சுற்று நிட். அந்தப் பர்ல் சுற்றில் உள்ளே மடித்தால் எலாஸ்டிக் ஓடும் மடிப்பு தயார். பின்னி முடித்த பிறகு தைத்துக்கொள்ளலாம். சுற்றின் தொடக்கம் பின்பக்க நடுவில் இருக்கட்டும்.

4 மி.மீ.க்கு மாறியதும் பின்பக்கத்தை உயர்த்துங்கள். டயப்பருக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் குழந்தை குனியும்போதெல்லாம் பேன்ட் இறங்கும். நடுவிலிருந்து 12 கண்ணி போய்த் திரும்பி, மறுபக்கம் 12 தாண்டித் திரும்பி, பிறகு ஒவ்வொரு முறையும் முந்தைய திருப்பத்தைவிட 8 கண்ணி கூடுதலாக. பக்கத்துக்கு 3 திருப்பம். அதன் பின் 46 சுற்று நேராக.

கால் இடுக்குக்கு முன் நடுவிலும் பின் நடுவிலும், நடுவின் இருபுறமும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 4 முறை கூட்டினால் 136. சரிபாதியாக 68, 68 எனப் பிரித்து, முதல் காலுக்கு இடுக்கில் 4 கண்ணி புதிதாகப் போட்டு 72 ஆக்குங்கள்; இரண்டாம் காலுக்கு அதே 4-இலிருந்து அள்ளுங்கள். உட்காலில் 5 சுற்றுக்கு ஒரு முறை 2 கண்ணி, 14 முறை குறைத்தால் 70 சுற்றில் 44. கோடுகள் 8 சுற்று, ரிப் 18 சுற்று. கணுக்காலில் மூடும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். இங்கே இறுகினால் பாதம் நுழையாது. பேன்ட்டைக் கடைசியாகப் பின்னச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நூல் தீர்ந்தாலும் ரிப்பைக் கோட்டு நிறத்தில் முடித்துவிடலாம், திட்டமிட்டுச் செய்ததுபோலவே இருக்கும்.

இடுப்பு மடிப்பைத் தைக்கும்போது நூலை இழுக்காதீர்கள். தையல் இழுபடாவிட்டால் இடுப்பில் ஏறாது. 4 செ.மீ. வாய் விட்டுத் தைத்து, இடுப்பளவைவிட 3 செ.மீ. குறைவாக எலாஸ்டிக் கோத்து, முனைகளை 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்துத் தையுங்கள். இந்த 2 செ.மீ.யை வெட்டும் முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முடிப்பு

நூல் முனைகளை உட்புறம் 6 செ.மீ. வரை போக்கும் வரவுமாகக் கோத்து, முதல் துவைப்புக்குப் பிறகே ஒட்ட வெட்டுங்கள். பட்டனைத் தையல் நூலால் தைத்து, உட்புறம் ஒரு சிறு பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். பின்னல் துணியில் வெறும் தையல் அறுத்துக்கொண்டு வரும், வாய்க்குப் போகும். தைத்ததும் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

ஈரத்தோடு தொங்கவிடாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாக அளவுக்கு விரித்துக் காயவிடுங்கள். அக்ரிலிக் கலந்த நூலில் இஸ்திரி படக்கூடாது. ஒருமுறை சூடு பட்டுப் பளபளவென்று தொய்ந்த ரிப் திரும்பிச் சுருங்காது. பேன்ட் அடிக்கடி அழுக்காகும், அதை மட்டும் துவைத்துக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் அது வேறு நிறமாகியிருக்கும். மூன்றையும் ஒன்றாகவே துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயவையுங்கள்.