கையடக்க கேம் கருவிக்கு எந்த வேக மெமரி கார்டு?

மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கும்போது உறையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'நொடிக்கு 200 எம்பி' என்ற வாசகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீம் டெக்கிலும் முதல் நின்டெண்டோ ஸ்விட்சிலும் இருப்பது யூஎச்எஸ்-1 வகைச் செருகுவாய். அதன் உச்சவரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். அதற்கு மேற்பட்ட வேகம், அந்தக் கார்டுக்கு ஏற்ற தனி ரீடரில் போட்டால்தான் கிடைக்கும்.

கார்டின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் குறிகளைப் பாருங்கள். வி30 என்பது தொடர்ந்து எழுதும் வேகம். வீடியோ எடுப்பவர்களுக்குத்தான் அது முக்கியம். கேம் என்பது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பது. அதற்கான குறி ஏ1, ஏ2. ஏ1 நொடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கும், ஏ2 4,000 முறை. ஆனால் ஏ2-வின் முழு வேகத்துக்குக் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே விலை வித்தியாசம் அதிகமென்றால் ஏ1 வாங்கி, மிச்சப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டுவதே என் பரிந்துரை.

2025-இல் வந்த ஸ்விட்ச் 2 ஒரு விதிவிலக்கு. அதில் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக வகைக் கார்டுதான் வேண்டும். சாதாரணக் கார்டு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அதற்குப் பயன்படாது.

கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலிக் கார்டுகளும் ஏராளம். வாங்கியவுடன் கணினியில் செருகி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.