ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணும்போது செய்யக்கூடாதவை

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை பழக வரும் பையன்கள் டிஸ்க் விஷயத்தில் செய்யும் கோளாறுகள் எல்லாம் அந்தக் காலத்தில் நாங்கள் செய்தவைதான், ஒன்றுகூடப் புதிதில்லை. பேக்கப் எடுக்க வேண்டும், ஓடும் டிஸ்கைத் தட்டக்கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் யாரும் இல்லை. செய்கிறவர்களும் யாரும் இல்லை.

கேபிளைப் பார்க்காமல் டிஸ்கைக் குற்றம் சொல்வது

டிஸ்க் திடீரென்று காணாமல் போய்த் திரும்ப வருகிறதா? முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 என்ற வரிசையின் எண் ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில்தான். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் அடாப்டரையும் பாருங்கள். 12 வோல்ட் பெட்டியில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு, “லைட் எரியலண்ணே” என்று வருபவர்கள் உண்டு. அப்போது டிஸ்கின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்.

பயாஸ் எதுவும் சொல்லவில்லை, அதனால் டிஸ்க் நல்லது என்பது

கோளாறு, டிஸ்க் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டினால்தான், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் வாய் திறக்கும். அதற்குள் டிஸ்க் பாதி போயிருக்கும். ஸ்மார்ட் பட்டியலைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகளின் ரா மதிப்பை, அதாவது அசல் எண்ணிக்கையை, பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. மூன்றாவது, சோதித்தும் தேறாதவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் தகவலை வெளியே எடுக்கும் வேலையை அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். அந்த மென்பொருள் ரா மதிப்பைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம், அதில் 10 என்றால் நம் கணக்கில் 16. அப்புறம், சீகேட் டிஸ்கில் 01 வரிசையில் கோடிக்கணக்கில் எண் வந்தால் பதற வேண்டாம். அவர்கள் அந்த எண்ணைப் பதியும் விதமே அப்படி.

சாகக்கிடக்கும் டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டுவது

இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, ஆவணி முகூர்த்தங்கள் மொத்தத்தையும் ஒரே 2 டிபி டிஸ்கில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் காப்பி பாதியில் நின்றது. மறுபடி செருகினால் விண்டோஸ், ‘ஃபார்மேட் பண்ணவா?’ என்று கேட்டிருக்கிறது. என்னிடம் வரும்போது டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இதுல என்ன ஓட்டுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலப்பா. நம்ம பையன் சும்மா ஸ்கேன்தான் போட்டான். ராத்திரி பூரா ஓடுச்சு, காலைல பாத்தா இப்படிச் சத்தம் வருது.”

அந்த ஸ்கேன்தான் விண்டோஸின் செக்டிஸ்க். அது சரிசெய்வது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைத்தான், அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற பதிவைத்தான், டிஸ்கை அல்ல. அது எழுதவும் செய்யும். தகவலைப் படிக்கும் முனையான ஹெட் பலவீனமாகித் தவறாகப் படித்ததை எல்லாம் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, ஃபோல்டர் பதிவுகளை வெட்டிவிடும். அப்புறம் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகள் கிடக்கும், எது யார் கல்யாணம் என்று கண்டுபிடிக்க முடியாது. செக்டிஸ்க் கட்டளையில் ‘ஆர்’ போட்டு ஓட்டினால் இன்னும் மோசம். காலியான இடம் உட்பட ஒவ்வொரு செக்டராகப் படிக்கச் சொல்கிறீர்கள். கெட்ட செக்டர் வந்தால் டிஸ்க் தானாகவே திரும்பத் திரும்ப முயலும், ஒவ்வொன்றுக்கும் பல விநாடிகள் போகும். ஹெட்டுக்கு மிச்சமிருந்த ஆயுள், யாருக்கும் வேண்டாத காலி இடத்தைப் படிப்பதில் தீர்ந்துபோகும். அண்ணாச்சியின் டிஸ்கைச் சென்னையில் தகவல் மீட்கும் லேபுக்கு அனுப்பினோம். தகவல் பதிந்திருக்கும் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பி வந்தது. கல்யாண வீட்டாருக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் படி எடுக்க வேண்டும், ரிப்பேர் எல்லாம் அந்தப் படியில்தான். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு செக்டர் செக்டராக நகல் எடுங்கள். எளிதாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றிடம் அது திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, இலக்கு எது என்று சீரியல் நம்பரை வைத்து இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்கை நிறைந்த டிஸ்கின் மேல் எழுதிவிடுவீர்கள்.

டிக் டிக் சத்தம் வந்துவிட்டால் இதுவும் வேண்டாம். பவரை எடுத்துவிடுங்கள்.

குளிர்ந்தால் ஓடும் என்று ஐஸ்பெட்டியில் வைப்பது

அது மீன் வைக்கிற இடம்.

திறந்து பார்ப்பது

கூடாது. ஏசி ரூம், தூசி வடிகட்டிய கிளீன் ரூம் ஆகாது.

டிஸ்கின் போர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்பது

பழைய டிஸ்குகளில் சிலசமயம் வேலை செய்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிறு ரோம் சிப்பில், அதாவது பவர் போனாலும் அழியாத சிப்பில், இருக்கின்றன. மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றி ஒட்டாவிட்டால் பயனில்லை.

நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைப்பது

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறியபோது நல்ல மனதோடு பலர் செய்தது இது. சாதாரண டிஸ்குகளில் காற்றுத் துளை ஒன்று உண்டு, அதன் வழியே நீர் உள்ளே போகும். காய்ந்தால் வண்டல் தட்டில் படிந்து இறுகும், அதற்கு மேல் பவர் கொடுத்தால் கதை முடிந்தது. காயவிடாமல், ஈரத்துணி சுற்றிக் காற்றுப் புகாத கவரில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள்.

சரி, ரிப்பேர் பண்ணலாமா?

டிஸ்க் வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். டிஸ்க்தான் என்றால் வாரண்டியில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிது வாங்குங்கள். செக்டர் போன டிஸ்கை ஃபார்மேட் அடித்து ‘ரெடி’ என்று யாருக்கும் விற்காதீர்கள். வாரண்டியில் வேறு டிஸ்க் வருமே தவிர, உங்கள் தகவல் வராது. உள்ளே இருப்பது வேண்டுமென்றால், அது வேறெங்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைக் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கும், குடும்பப் போட்டோ பாதி சொந்தக்காரர் போன்களில் இருக்கும். இல்லை என்றால் லேபுக்குத்தான். தகவல் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா, உதிரிபாகத்துக்குத் தனிக் காசா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். டிஸ்கை ஃபோம் வைத்த பெட்டியில் கட்டுங்கள், பஸ் பார்சலில் போடாதீர்கள்.