பாதி நேரத்துக்கு அலாரம்

மூட்டுவலி, முதுகுவலி என்று நாள்பட்ட வலி உள்ளவர்கள் நடக்கக் கிளம்பும்போது போனில் பாதி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். 10 நிமிட நடை என்றால் 5 நிமிடத்தில் மணி அடிக்கும். வலி இல்லாவிட்டாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் காற்று இதமாக இருக்கும், ‘கடலுக்குள் நீளும் அடுத்த பாலம் (pier) வரை போகலாமே’ என்று தோன்றும். வலி வந்தபின் திரும்பினால் வந்த தூரம் முழுவதையும் வலியோடுதான் கடக்க வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று நாள் நடையே நின்றுவிடும். கொஞ்சமாக, விடாமல் நடந்தால்தான் உடம்பு பழகும். ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி மாதிரி மேடான தெருக்களில் பாதிக் கணக்கு சரிவராது. அங்கே ஏற்றத்தை முதலில் ஏறிவிடுங்கள். புதிதாக வீக்கம், கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி வந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.