மேலூர்ப் பக்கம் இயற்கை வேளாண்மை தொடங்குபவருக்கு: பயிற்சியும் கூட்டாளிகளும் தேடும் முறை

இயற்கை வேளாண்மைக்கு மாற முடிவு செய்கிற சிறு விவசாயி, பெரும்பாலும் நாட்டு மாட்டையும் பிளாஸ்டிக் டிரம்மையும் தேடித்தான் முதலில் புறப்படுகிறார். அவை ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். சாணத்தையும் கோமியத்தையும் எந்த அளவில் கலப்பது என்று சொல்லித்தரும் பயிற்சியும் ஒரு மாதத்துக்குள் கிடைத்துவிடும். ஆனால், நடவு முடிந்த இருபதாம் நாள் பயிர் வெளுத்து நிற்கையில், வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, ‘பொறுங்கள், தெளிந்துவிடும்’ என்றோ ‘இது வேறு கோளாறு’ என்றோ சொல்லக்கூடிய ஆள் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. பயிற்சிக்குப் போவதன் முதன்மையான பயனே அப்படிப்பட்ட ஆளைக் கண்டடைவதுதான் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளையும் அந்த நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன். நான் மேலூர் வட்டாரத்தில், பெரியாற்றுக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில், ஒன்றே முக்கால் ஏக்கர் நெல் பார்ப்பவன்.

படி 1: உங்கள் நிலத்தைப் பற்றி ஒரு தாள் எழுதுங்கள்

எந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பும், ஒரு முழுத் தாளில் நிலத்தின் பரப்பு, மண் செம்மண்ணா கரிசலா வண்டலா என்பது, தண்ணீர் கால்வாயா கண்மாயா கிணறா மானாவாரியா என்பது, அந்தத் தண்ணீர் எந்த மாதம் வந்து எத்தனை நாள் நிற்கும் என்பது, கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன பயிர் செய்து என்னென்ன உரமும் மருந்தும் போட்டீர்கள் என்பது ஆகியவற்றை எழுதி வையுங்கள். இவற்றுள் தண்ணீர்க் கணக்குதான் தலையாயது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஆண்டு, டெல்டாப் பக்கத்தில் நடந்த ஒரு விதைத் திருவிழாவுக்குப் போய், அங்கே கேட்டவற்றிலெல்லாம் மயங்கி, மாப்பிள்ளைச் சம்பா விதையோடு திரும்பினேன். அது ஏறக்குறைய 160 நாள் வயதுள்ள நெல். எங்கள் மேலூர் ஒருபோகப் பகுதிக்கோ முதல் 45 நாள் முழுமையாகவும் அடுத்த 75 நாள் முறை வைத்தும், ஆக மொத்தம் 120 நாளுக்குத்தான் தண்ணீர் விடுவது வழக்கம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்திருந்தால் போதும், நான் எழுதவில்லை. பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளும் தறுவாயில் கால்வாய் அடைபட்டது. மேற்கு வயல்காரர் கிணற்றில் மூன்று தடவை தண்ணீரை விலைக்கு வாங்கிப் பாய்ச்சித்தான் அந்த நெல்லைக் கரை சேர்த்தேன். திருவிழாவில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தண்ணீருக்கு அவர்கள் சொன்னது சரி.

தாளோடு மண் பரிசோதனை முடிவையும் சேர்த்து வையுங்கள். நெல் வயலாக இருந்தால், ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மண்ணைச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விட்டுவிட்டு வயலின் பல இடங்களில் இப்படி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரை கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுக்கலாம்.

படி 2: வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்

அரசுப் பயிற்சிகளுக்கான வாசல் மதுரை நகரத்தில் இல்லை. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில்தான் இருக்கிறது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவராக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் மானியம் எதைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அங்கே ‘அட்மா’ என்று எல்லோரும் சொல்லும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தைப் பார்க்கும் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர் யார் என்று கேட்டு, அவரை நேரில் பாருங்கள். உள்ளூர்ப் பயிற்சி, வயலிலேயே பருவம் முழுவதும் நடக்கும் பண்ணைப் பள்ளி, வெளி மாவட்டங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கூட்டிச்செல்லும் கண்டுணர்வுப் பயணம் ஆகிய மூன்றும் இந்தத் திட்டத்தின் கீழ் வருகின்றன. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பண்ணைப் பள்ளியைக் கேளுங்கள். ஒரே வயலை விதைப்பிலிருந்து அறுப்பு வரை அதே ஆட்களோடு திரும்பத் திரும்பப் பார்ப்பதால், பாடத்தோடு பழக்கமும் சேர்ந்து வளர்கிறது. கண்டுணர்வுப் பயணத்தில் வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருபவர்தான் பெரும்பாலும் அங்கு காட்டப்படும் பண்ணையைவிட அதிகம் பயன்படுவார்.

பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால், பயிற்சிக்கும் ஆண்களே அழைக்கப்படுகிறார்கள்; களையெடுப்பதும் நாற்று நடுவதும் மாட்டைப் பார்ப்பதும் வீட்டுப் பெண்களாக இருக்க, கரைசல் தயாரிக்கும் பயிற்சிக்கு மட்டும் அவர்கள் வருவதில்லை. அட்மா திட்டத்தின் நெறிமுறையில் குறைந்தது 30 விழுக்காட்டு ஒதுக்கீடு மகளிருக்கு உண்டு. ஆகவே மனைவி, தங்கை, மருமகள் என்று உண்மையில் வயலில் நிற்பவர் பெயரைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

2018-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் எந்த நாளில் வருவார் என்பதையும் அதில் பார்க்கலாம். அவசரச் சந்தேகத்துக்குக் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம்.

படி 3: ஒத்தக்கடைக்குப் போங்கள்

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் சற்றுத் தொலைவில், யானைமலைப் பக்கம், 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே மதுரை வேளாண்மை அறிவியல் நிலையமும் இயங்குகிறது. பயிற்சி அறிவிப்புகள் நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் ஓரமாக வரும். முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைக்காமல் திரும்ப நேரலாம். நிலையத்தார் விவசாயி வயலிலேயே போடும் முதல்நிலைச் செயல்விளக்கத் திடல் பற்றியும் விசாரியுங்கள். விதையும் ஆலோசனையும் அவர்களிடமிருந்து வரும், நிலமும் உழைப்பும் உங்களுடையவை.

தென்புறமும் மேற்புறமும் இருப்பவர்கள் மதுரைக்கு மட்டுமே வர வேண்டும் என்பதில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ளவர்களுக்குத் தேனி மாவட்டம் காமாட்சிபுரத்திலும், வாடிப்பட்டிக்காரர்களுக்குக் காந்திகிராமத்திலும், திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசல்காரர்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் வேளாண்மை அறிவியல் நிலையங்கள் உள்ளன. மானாவாரிப் பருத்தியும் சிறுதானியமும் போடுபவர், நெல்லுக்கு நடக்கும் பயிற்சியில் ஒரு நாளை வீணாக்குவதைவிட அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறுவது மேல்.

படி 4: தொலைவுப் பயிற்சிகளை அளந்து தேர்ந்தெடுங்கள்

கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணையில் தங்கிப் பயிலலாம். 1960-களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அங்குள்ள முறை மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு வெளியேறியவர் அவர். வானகமும் வறண்ட மேட்டுநிலத்தில்தான் அமைந்திருக்கிறது என்பதால், தண்ணீர் குறைந்த நம் பக்கத்துப் புஞ்சைக் காடுகளுக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு. பாரம்பரிய நெல்லுக்குத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்து நெல் திருவிழா பெயர் பெற்றது. மறைந்த நெல் ஜெயராமன் அங்கே நடைமுறைப்படுத்திய வழக்கப்படி, இரண்டு கிலோ விதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடன் திருப்ப வருபவர்கள் மறுபடி சந்திப்பதால், அந்தக் கணக்கே ஒரு தொடர்பு வலையாகிவிடுகிறது. போங்கள், ஆனால் முதல் படியில் எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கட்டணப் பயிற்சிகளில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஒரு தடவை 1,500 ரூபாய் கட்டிப் போன பயிற்சியில், பிற்பகல் முழுவதும் அவர்கள் விற்கும் கரைசல் புட்டிகளின் விலைப்பட்டியல்தான் பாடமாக இருந்தது. அதற்குப் பிறகு, பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பயிற்சி தருபவருக்குச் சொந்தப் பயிர் எங்கே நிற்கிறது, அதைப் பார்க்க முடியுமா?

படி 5: பயிற்சி நாளில் கரைசலைவிடக் கேள்வியைக் கவனியுங்கள்

ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல் செய்வதை எல்லாப் பயிற்சியிலும் காட்டுவார்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ரசாயனம் படாத வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண் ஆகியவற்றைக் கலந்து, நிழலில் வைத்துத் தினமும் கலக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாசனத் தண்ணீரோடு ஓர் ஏக்கருக்கு விட வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். எழுத முடியாதது அதன் வாசனை. ஆகவே, முன்பே தயாரித்து வைத்திருக்கும் டிரம்மின் மூடியைத் திறக்கச் சொல்லி, குனிந்து முகர்ந்து பாருங்கள். சரியாகப் புளித்தது பழைய கள்ளைப்போல இனிப்பும் புளிப்புமாக மணக்கும். மேலே மெல்லிய நுரை நிற்கும். கெட்டுப்போனதில் அழுகல் வாடை முகத்தில் அடிக்கும். வீட்டில் செய்யும்போது உங்களுக்குத் துணையாவது அளவுத் தாளல்ல, இந்த மூக்கறிவுதான்.

கேள்வி நேரத்தில் ‘மகசூல் எவ்வளவு’ என்று கேட்டால் சிறந்த ஆண்டின் கணக்கைத்தான் சொல்வார்கள். ‘முதல் ஆண்டு எவ்வளவு குறைந்தது, அந்த ஆண்டை எதை வைத்து ஓட்டினீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். கூடத்தில் யார் உண்மையாகப் பயிர் செய்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். தேநீர் இடைவேளையில் அவர்களோடு போய் நில்லுங்கள். உங்கள் மண்ணும் உங்கள் தண்ணீரும் உடைய இருவர் அல்லது மூவரின் பெயர், ஊர், கைபேசி எண், பயிர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பத்து நாளுக்குள் அவர்களில் ஒருவர் வயலுக்காவது போய்விட வேண்டும். தாமதித்தால் அந்தத் தொடர்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் பூங்கொத்தாகச் சுருங்கிவிடும்.

படி 6: ஐந்து பேராகச் சேருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். மத்திய அரசின் பங்கேற்பு உறுதியளிப்புத் திட்டத்தில், அருகருகே உள்ள குறைந்தது ஐந்து விவசாயிகள் உள்ளூர்க் குழுவாகப் பதிவு செய்து, ஒருவர் வயலை மற்றவர்கள் ஆய்வு செய்து, விளைபொருளுக்குச் சான்று பெறலாம். ஏற்றுமதிக்குப் போவதில்லை என்றால், தனியாளாகச் சான்று வாங்குவதைவிட இது சிறு விவசாயிக்குத் தாங்கக்கூடிய வழி. ஏற்றுமதியோ பெரிய வணிகரோ நோக்கமாக இருந்தால், தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுக வேண்டும். நெல், காய்கறி போன்ற பருவப் பயிர்களுக்கு, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் மாற்றுக் காலம் 24 மாதம் என்பதால், முடிவெடுத்த நாளிலேயே பதிவேட்டைத் தொடங்கிவிடுங்கள். விதை வந்த இடம், போட்ட எரு, தெளித்த கரைசல், அறுத்த எடை எல்லாம் தேதியோடு அதில் இருக்க வேண்டும்.

சான்று ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் பத்தியில் சொன்ன ஆள் இந்தக் கூட்டத்துக்குள்தான் கிடைக்கிறார். ஐவரைத் தேர்ந்தெடுக்கையில் எல்லோரையும் இயற்கை வேளாண்மையில் ஊறியவர்களாகத் தேட வேண்டாம். ஒரே மடையில் தண்ணீர் எடுப்பவர்கள், குறைந்தது ஒருவர் மாடு வைத்திருப்பவர், ஒருவர் பதிவேடு எழுதத் தயங்காதவர் என்று அமைந்தால் போதும். எங்கள் குழுவின் ஐந்தாவது ஆள், எனக்குத் தண்ணீர் விற்ற அதே மேற்கு வயல்காரர். அந்த மாப்பிள்ளைச் சம்பா யூரியா இல்லாமல் நின்றதைத் தண்ணீர் பாய்ச்சிய மூன்று தடவையும் பார்த்திருந்ததால், அவரிடம் நான் ஏதும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 7: விற்பனையை முதல் அறுவடைக்கு முன்பே பேசுங்கள்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. விவசாயி அடையாள அட்டை வாங்கிக்கொண்டால் காய்கறியை நேரடியாக விற்கலாம். வாரத்தில் இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், மருந்து அடிக்காத கீரையைத் தேடி வருபவர்கள் தாமாகவே பழகிவிடுவார்கள். நெல்லை நெல்லாக விற்காமல் அரிசியாக்கி விற்பதற்கு ஐந்து பேர் சேர்ந்து ஆலைக்குப் போவது செலவைக் குறைக்கும்.

எங்கள் முதல் வயல் ஆய்வில் மேற்கு வயல்காரர் என் வயலைச் சுற்றி வந்துவிட்டு, பயிரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வடக்கு வரப்பைக் காட்டினார். அந்தப் பக்கத்து வயலில் உரம் போட்டுவிட்டுத் தண்ணீர் கட்டும்போது, தாழ்ந்த வரப்பின் வழியே அது என் வயலுக்குள் வழிந்துகொண்டிருந்தது. ‘வடக்கு வரப்பு ஓர் அடி உயர்த்தப்பட வேண்டும்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். மாசி மாதம் குழுவில் மூவர் மண்வெட்டியோடு வந்து, அரை நாளில் அதை உயர்த்திக் கொடுத்தார்கள்.