எச்டி 600, 650: அடுத்த ஹெட்ஃபோன் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஹெட்ஃபோன் பித்து பிடித்தவர்களில் பெரும்பாலோர் கையில் ஏதோ ஒரு கட்டத்தில் சென்ஹைசரின் இந்தக் குடும்பம் வந்து சேரும். 1997-இல் வந்த எச்டி 600, 2003-இல் வந்த எச்டி 650, 650-ஐ ஒட்டி மாஸ்டிராப் விற்ற 6எக்ஸ்எக்ஸ். மூன்றும் பின்புறம் திறந்தவை (கப்பின் பின்பக்கம் மூடப்படாதவை), மூன்றின் மின்தடையும் 300 ஓம். பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை), கேபிள், ஹெட்பேண்ட் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. அதனால்தான் இருபது வருடம் ஓடிய ஜோடியைக்கூட மீட்டெடுக்க முடிகிறது.

வாங்கிச் சில வருடம் கழித்து, ‘முன்பு போல் இல்லையே’ என்று தோன்றும். உடனே கை அடுத்த மாடலைத் தேடும், அல்லது விலை உயர்ந்த கேபிளுக்குப் போகும். பொறுங்கள். பணம் போக வேண்டிய வரிசை இது: முதலில் பேட், பிறகு ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குச் சக்தி கொடுக்கும் கருவி), பிறகு செலவே இல்லாத ஈக்யூ (ஒலியின் பகுதிகளை மென்பொருளால் ஏற்றி இறக்குவது). டேக் (டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) அதற்கும் பிறகு. ஒலிக்காகக் கேபிள் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

பேட்

பேட் உள்ளே இருப்பது வெறும் பஞ்சு. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் அது தட்டையாகிவிடும். வியர்வை அதிகம் உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். பஞ்சு அமுங்கினால் காதுக்கும் டிரைவருக்கும் (கப்பினுள் ஒலி எழுப்பும் பகுதி) உள்ள இடைவெளி குறையும்; குரல் பகுதிக்கும் அதற்கு மேலுள்ள பகுதிக்கும் இருந்த சமநிலை கலையும். மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் காது பழகிவிடுகிறது, பழி டிரைவர் மேல் விழுகிறது. சோதனை எளிது: மாட்டியவுடன் காது மடல் உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சுத் தட்டைத் தொட்டால் பேட் முடிந்துவிட்டது.

கழற்றும்போது ஸ்குரூடிரைவர் வேண்டாம். கப்பை ஒரு கையில் பிடித்து, மறு கை விரல் நுனிகளைப் பேட் விளிம்புக்கு அடியில் நுழைத்து, ஒரு பக்கத்திலிருந்து சீராக வெளியே இழுங்கள். பேட் பின்னால் பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. அதன் கொக்கிகள் ஒவ்வொன்றாக ‘டிக்’ என்று விடுபடும். வட்டமான மெல்லிய பஞ்சுத் தட்டு டிரைவர் மேல் கிடக்கும். விரலில் பொடியாக ஒட்டினால் அதையும் மாற்றுங்கள். புதிய பேட்டை வைத்து விளிம்பு முழுக்கச் சுற்றி அழுத்துங்கள். எல்லாக் கொக்கியும் விழ வேண்டும். ஒன்று விழாமல் போனாலும் அந்தப் பக்கம் காற்று கசிந்து பேஸ் குறையும், பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்தது போல் இருக்கும்.

அழுக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் துவைக்கலாம். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு அமுக்கி எடுத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் இரண்டு நாள் காய வையுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. துவைத்தால் வெல்வெட் சுத்தமாகும், அமுங்கிய பஞ்சு எழும்பாது.

தோல் பேட் மாட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். ஆழமும் காற்றுக் கசிவும் மாறுவதால் அது வேறு ஹெட்ஃபோனாகிவிடும். அசல் வெல்வெட் பேட்டுக்கு அளந்து எழுதிய எந்த ஈக்யூவும் அதற்குப் பொருந்தாது. எங்கள் சிபாரிசு, அசல் பேட்.

டிரைவரில் முடி

பேட் கழற்றியிருக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கம்) கும்கி என்ற ஆழ்ந்த அடி விழும்போது ஒரு பக்கம் மட்டும் ‘ஸ்ர்ர்’ என்று அதிர்கிறதா? பத்தில் ஒன்பது முறை டிரைவர் போகவில்லை. தலைமுடி ஒன்று உள்ளே போய் மென்படலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உறுதி செய்ய 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஸ்வீப்பை (சீராக ஏறும் ஒற்றைத் தூய ஒலி) குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கழற்றிவிட்டுக் கேளுங்கள், சட்டமே அதிர்வதுண்டு.

முடியை எடுக்க, டிரைவர் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து மென்மையான தூரிகையால் வலைமேல் தடவுங்கள். முனை வெளியே தெரிந்தால் மட்டும் இடுக்கி. வாக்குவம் கிளீனரும் காற்றுக் குப்பியும் பக்கத்திலேயே வரக் கூடாது. மென்படலம் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இறுக்கம்

புதிய 600 தலையை நன்றாக நெரிக்கும். ஹெட்பேண்டின் இரு கைகளையும் முழுதாக வெளியே இழுங்கள். உலோகப் பட்டை தெரியும். அந்த உலோகத்தை மட்டும், இரு கட்டைவிரலால் மெல்ல வெளிப்பக்கம் வளைக்கவும். கொஞ்சம் வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். பிளாஸ்டிக் வளைவையோ கப்பைப் பிடித்திருக்கும் கவட்டையையோ வளைத்தால் விரிசல்தான் மிஞ்சும். ரொம்பத் தளர்த்தவும் கூடாது. பின்புறம் திறந்த ஹெட்ஃபோனுக்குப் பேட்டின் பிடி முக்கியமில்லை என்பது தவறு. முகத்தோடு பேட் ஒட்டாத இடத்தில் முதலில் காணாமல் போவது பேஸ்.

ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால்

இடது, வலது முனைகளைக் கழற்றி மாற்றிச் செருகுங்கள். இரண்டு முள்ளில் ஒன்று தடிமன், மற்றது மெல்லியது. தடிமனானது தடிமனான துளைக்கு. கோளாறு கேபிளோடு மறு பக்கம் போனால் கேபிள்தான் காரணம். அதே பக்கம் நின்றால் சாக்கெட்டோ டிரைவரோ. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஜாக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடது பக்கத்தை, நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வலது பக்கத்தை அளக்கலாம். இரண்டும் 300-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் டிரைவரின் கம்பிச் சுருள் நலம். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

எவ்வளவு ஆம்ப் வேண்டும்

‘300 ஓம், அதனால் பெரிய ஆம்ப் வேண்டும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும்.

600-இன் உணர்திறன் (கொடுத்த சக்திக்கு எழும் சத்தம்) 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். 650-க்கு 103 டெசிபல் என்று பார்த்து ‘6 டெசிபல் அதிகம்’ என்று ஏமாற வேண்டாம். அது 1 வோல்ட்டுக்கான எண். 300 ஓமில் 1 மில்லிவாட் என்பது 0.55 வோல்ட். அதை 1 வோல்ட்டாக மாற்றினால் 5.2 டெசிபல் கூடும். ஆக 650 மில்லிவாட் கணக்கில் சுமார் 98. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. எந்த ஹெட்ஃபோனை ஒப்பிட்டாலும் முதலில் அலகைப் பாருங்கள்.

சராசரி 80 டெசிபலில் கேட்டாலும், நன்றாகப் பதிவு செய்த தாள வாத்தியத்தின் உச்சி 100-ஐத் தாண்டும். 110 டெசிபல் வரை இடம் வைத்துக்கொள்வோம். 97-இலிருந்து 13 டெசிபல் மேலே என்றால் 20 மில்லிவாட். 300 ஓமில் அது 2.45 வோல்ட், 8 மில்லிஆம்பியர். பார்த்தீர்களா, மின்னோட்டம் அற்பம். தேவை வோல்ட் மட்டும். 1 வோல்ட் தரும் டாங்கிள் (போனில் செருகும் சிறு டேக்) 102 டெசிபலோடு நின்றுவிடும். சத்தம் போதும் என்றுதான் தோன்றும், ஆனால் ஈக்யூவுக்காக 6 டெசிபல் இறக்கினால் 96 தான் மிச்சம். எனவே இந்தக் குடும்பத்துக்கு 3 வோல்ட் தரும் எந்தச் சுத்தமான ஆம்பும் போதும்.

இதையே ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பிளேனருக்கு (தட்டையான மென்படல டிரைவர் உள்ள ஹெட்ஃபோன்) போட்டுப் பாருங்கள்: 83.5 டெசிபல், 50 ஓம். அதே 110-க்கு சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். ஓம் குறைவு, பசி அதிகம். ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப் தேர்ந்தால் தவறுவது இங்கேதான்.

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் ஏன் இதற்கு இனிக்கிறது

300 ஓம் என்பது பெயரளவுதான். பேஸில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, இந்த டிரைவரின் மின்தடை 500-ஐயும் தொடும். ஆம்பின் வெளியீட்டுத் தடை (ஆம்பின் சொந்த உள் மின்தடை) 1 ஓம் என்றால் இது தெரியவே தெரியாது. 120 ஓம் என்றால்? 300 ஓம் உள்ள பகுதிக்கு 2.9 டெசிபல் இழப்பு, 500 ஓம் உள்ள பகுதிக்கு 1.9 தான். அதாவது பேஸ் 1 டெசிபல் உயர்ந்து வரும். பாட்டில்ஹெட் கிராக் போன்ற, டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வ் ஆம்புகளோடு இந்தக் குடும்பம் சேரும்போது கேட்கும் அந்தக் கதகதப்பில் பெரும்பங்கு இதுதான். கேட்க இதமானது, வெட்கப்படாமல் அனுபவிக்கலாம். ஆனால் அதே ஆம்பில் 16 அல்லது 32 ஓம் பிளேனரையோ இயர்ஃபோனையோ செருகாதீர்கள். சக்தி ஆம்புக்குள்ளேயே கரைந்துவிடும். பல டிரைவர் உள்ள இயர்ஃபோனில் ஒலியின் வடிவமே குலையும். ஹெட்ஃபோன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்பின் தடை இருப்பது பொதுவான பாதுகாப்பு அளவு.

வால்வ் மாற்றிப் பார்ப்பவர்கள் மின்சாரத்தைத் துண்டித்து, வால்வ் ஆறிய பிறகே தொடவும். உள்ளே நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆம்பைப் போட்டு ஒரு நிமிடம் சூடாக விட்டு, அதன் பின் ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

ஈக்யூ

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, அதற்கு முகப்பாகப் பீஸ். இரண்டும் இலவசம். நிறுவும்போது உங்கள் டேக்கைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். பிறகு மூன்றே வரிகள்.

முதலில் ப்ரீஆம்ப் (மொத்த அளவு) மைனஸ் 6 டெசிபல். இதை விட்டால் ஏற்றிய பேஸ் டிஜிட்டல் எல்லையில் முட்டிக் கிழியும். அடுத்து 105 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழ் உள்ள பேஸ் முழுவதையும் ஏற்றுவது), க்யூ (வடிப்பானின் கூர்மை) 0.7, பிளஸ் 4 டெசிபல். திறந்த டிரைவர் கீழே சரிவதை இது நிமிர்த்தும். 5.5 வரை போகலாம். அதற்கு மேல் ஏற்றினால் ஆழ்ந்த பேஸில் டிரைவரின் சிதைவு கூடி, கனம் வராமல் குழைசல் வரும். மூன்றாவது 600-க்கு மட்டும்: 3200 ஹெர்ட்ஸில் பீக் (அதைச் சுற்றிய பகுதியை மட்டும் மாற்றுவது), க்யூ 2, மைனஸ் 2. பெண் குரல் உச்ச ஸ்தாயியில் நெற்றியில் குத்துவது அடங்கும். அதிகம் வெட்டினால் தம்புராவின் ஜீவாளி (நரம்பின் அடியில் வைக்கும் நூலால் எழும் ரீங்காரம்) செத்துவிடும். ஆகவே தம்புரா தனியாக ஒலிக்கும் ஒரு பதிவை வைத்துக்கொண்டு அரை டெசிபல் அரை டெசிபலாக நகர்த்துங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், உங்கள் பிளேயர் வாசாபி எக்ஸ்குளூசிவ் அல்லது ஏசியோவில் ஓடுகிறது. அந்தப் பாதை ஈக்யூவைத் தாண்டிப் போய்விடும். பகிர்வு நிலைக்கு மாற்றுங்கள்.

ஒப்பிடும் முறை

இரண்டு ஆம்ப், இரண்டு டேக் என்று ஒப்பிடும்போது ஏமாற்றுவது சத்த வேறுபாடு. அரை டெசிபல் கூடினாலே அது ‘தெளிவாக’, ‘உயிரோட்டமாக’ இருப்பதாக மனம் சொல்லும். 0.2 டெசிபலுக்குள் சமப்படுத்தாத ஒப்பீட்டை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. 300 ஹெர்ட்ஸ் சைனை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகிய நிலையிலேயே, ஸ்ப்ளிட்டரின் மறு துளையில் கம்பி பற்றவைத்த ஒரு ஜாக்கைச் செருகி, மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டை அளங்கள். இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும், 0.2 டெசிபல் என்பது வோல்ட்டில் 2.3 சதவீதம். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் ஆம்ப் போய்விடும், கவனம். பேலன்ஸ்டு (இடது வலதுக்குப் பொதுக் கம்பி இல்லாத) வெளியீட்டுக்கு இந்த ஸ்ப்ளிட்டர் முறை கூடாது.

கோப்பு வடிவங்களை ஒப்பிட ஃபூபார் 2000 என்ற பிளேயரின் ஏபிஎக்ஸ் இணைப்பு (எது எது என்று தெரியாமல் கேட்டு அடையாளம் காணும் சோதனை) போதும். 16 முறையில் 12 சரி என்றால் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் குறைவு. 9, 10 என்றால் வித்தியாசம் கேட்டது என்று சொல்ல முடியாது.

சத்தத்துக்கு ஒரு கோடு

அதே மீட்டரால் காதையும் காக்கலாம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 89-இல் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும்.

600-க்கு 80 டெசிபல் என்பது 0.077 வோல்ட். மலிவான மீட்டர் இவ்வளவு சிறிய ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. எனவே ஈக்யூவை அணைத்து, ஹெட்ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, முழு அளவு 0 டெசிபல் சைனை ஓடவிட்டு 0.39 வோல்ட் வரும் வரை குமிழைத் திருப்புங்கள். மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (இசையின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி வரும் ஸ்ட்ரீமிங் இசை அந்த நிலையில் சராசரியாக 80-ஐ ஒட்டி ஒலிக்கும். ஈக்யூவைப் போட்டபின் ப்ரீஆம்ப் இறங்குவதால் இன்னும் சற்றுக் குறையும். குமிழின் அந்த இடத்தில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, பேனாவால் கோடு போடுங்கள். ஆம்பை மாற்றினாலோ ஹெட்ஃபோனை மாற்றினாலோ கோட்டையும் மறுபடி அளந்து போட வேண்டும்.