நாய், பூனைக்கான பூச்சி மருந்தைக் கெடாமல் வைப்பதும் தேதி பார்ப்பதும்

டெல்டா வீடுகளில் வயலுக்கு அடிப்பதும் 'பூச்சி மருந்து', நாய்க்குக் கொடுப்பதும் 'பூச்சி மருந்து'. அதனால் முதல் வேலை இரண்டையும் பிரித்து வைப்பது. நெல்லுக்கான மருந்து இருக்கும் பரணிலும் மாட்டுக் கொட்டகை மாடத்திலும் நாய் மருந்தை வைக்காதீர்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கிய சைபர்மெத்ரினை அவசரத்தில் பூனைக்குத் தடவிவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. தனி டப்பா எடுத்து, மேலே 'நாய் மருந்து' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பெரும்பாலான அட்டைகளில் 30 டிகிரிக்கு மிகாத, வெளிச்சம் படாத, உலர்ந்த இடம் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வெளியே 38, 40 டிகிரி அடிக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று பார்க்க வேண்டும். தரைத்தளத்து உள் அறையின் சுவரலமாரி, அதுவும் வெயில் விழாத சுவரில் இருப்பது நல்லது. மாடி அறையில் தளம் இரவு வரை சூட்டைக் கக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். பிரிட்ஜ் தலைமேலும் அடுப்பு மேடையும் ஆகாது. கும்பகோணத்தில் மருந்து வாங்கி பைக் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, வண்டியை வெயிலில் நிறுத்திக் கடை கடையாக ஏறினால், வீடு வரும் முன்பே மருந்து வெந்திருக்கும்.

பிரிட்ஜுக்குள் வைக்கலாமா என்றால், அட்டையில் சொல்லாதவரை வேண்டாம். தடுப்பூசிக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். மாத்திரையை அங்கே வைத்து எடுத்தால் வெளிக்காற்று பட்டதும் வேர்க்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் எதிரி ஈரம். இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போடுங்கள். மாத்திரையைக் கொடுக்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிதுக்க வேண்டும். பிரசிக்வான்டெல், பைரன்டெல், பெபன்டெல் சேர்ந்த குடற்புழு மாத்திரைகள் பல 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. 5 கிலோ நாய்க்குப் பாதிதான். மிச்சப் பாதியை அடுத்த தவணைக்கு என்று மூன்று மாதம் வைக்காதீர்கள். ஓரம் உதிர்ந்து, புள்ளி விழுந்து, அளவு குறைந்து நிற்கும். வீட்டில் 5 கிலோ நாய் இரண்டு இருந்தால் ஒரே நாளில் கொடுத்துத் தீர்க்கலாம். மெல்லும் மாத்திரைக்கு இறைச்சி வாசம் உண்டு. நாய்க்கு எட்டினால் மொத்தத்தையும் தின்றுவிடும்.

சிரப் பாட்டிலில் மருந்து அடியில் படியும். ஒரு நிமிடம் குலுக்கியும் அடிக்கட்டி கரையவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரில் மருந்து குறைவு, கீழே அளவுக்கு மீறி இருக்கும். பழுப்புப் பாட்டிலில் வருவதை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். அந்த நிறம் வெளிச்சத்தைத் தடுக்கத்தான். உண்ணிக்கான அமிட்ராஸைத் தண்ணீரில் கலந்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும். கலந்து வைத்தது சிதைந்துபோகும்.

இனி தேதி. காலாவதியைக் குறிக்கும் 'EXP' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 08/2027 என்று மட்டும் இருந்தால், ஆகஸ்ட் கடைசி நாள் வரை செல்லும். ஆனால் அது திறக்காத மருந்துக்கான கணக்கு. திறந்தபின் எத்தனை நாள் என்று அட்டையில் தனியாக இருந்தால் அதுதான் கணக்கு. திறந்த தேதியை வெள்ளை பிளாஸ்திரியில் எழுதிப் பாட்டிலில் ஒட்டி, மேலே செலோடேப் சுற்றுங்கள். உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரேயில் ஆல்கஹால் இருப்பதால், ஒரு துளி வழிந்தாலும் மார்க்கர் மை கரைந்து ஓடும், தேதி போய்விடும். அதே காரணத்தால் அது தீப்பிடிக்கும், விளக்கு மாடத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கடையில் அட்டையை வெட்டித் தரும்போது தேதி உள்ள முனை பெரும்பாலும் அவர்களிடமே நின்றுவிடும். பேட்ச் எண்ணையும் தேதியையும் அங்கேயே பில்லில் எழுதி வாங்கி, டப்பாவுக்குள் போடுங்கள். முழு அட்டை வாங்கினால் தேதி இல்லாத முனையிலிருந்து பிதுக்குங்கள்.

வளர்ந்த நாய்க்குக் குடற்புழு மருந்து பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி: நான்கு மாதப் பிறப்பும் சரியாக மூன்று மாத இடைவெளி. காலண்டரில் அந்த நாலு நாளையும் வட்டமிடுங்கள். அன்று மருந்து கொடுத்த கையோடு டப்பாவைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்த வட்டத்துக்குள் தேதி முடிவதைத் தனியே எடுத்து வையுங்கள். அதற்குள் தேவைப்பட்டால் அதைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். தேதி தாண்டிய உண்ணி மருந்தைப் போட்டால், போட்டாயிற்று என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். உண்ணி ஏறி, நாய்க்கு உண்ணிக் காய்ச்சலும் வரலாம்.

காலாவதியானதை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டவே கூடாது. உண்ணி மருந்துகளான பிப்ரோனிலும் டெல்டாமெத்ரினும் மீனையும் இறாலையும் கொல்லும். மாத்திரையைப் பொடித்து, பழைய டீத்தூளோடு கலந்து, கவரில் கட்டி, அபாயக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் காலாவதி மருந்து அந்த வகையில்தான் வந்தது. ஸ்பிரே பாட்டிலை எரிக்காதீர்கள். காலியான மருந்துக் குப்பிகளையும் மூடி அதே கவரில் போடுங்கள், படித்துறையில் கழுவ வேண்டாம்.