யாரையும் கூப்பிடாமல் வீடு வந்து சேர: முதல் 200 கி.மீ. சைக்கிள் ஓட்டத்துக்குத் தயாராவது

நல்ல சைக்கிள்காரர் யார் என்ற பேச்சு வந்தால் சிலர் சைக்கிளின் விலையைச் சொல்வார்கள், சிலர் சராசரி வேகத்தைச் சொல்வார்கள். எங்கள் அளவுகோல் வேறு. வீட்டிலிருந்து 100 கி.மீ. தள்ளி, கடை கண்ணி இல்லாத இடத்தில் காற்றுப் போனாலும் செயின் அறுந்தாலும், கார் வரவழைக்காமல் தானே சரிசெய்துகொண்டு திரும்புகிறவர்தான் சைக்கிள்காரர்.

இந்த எண்ணத்தை விதியாகவே வைத்திருக்கும் ஓட்டம் ஒன்று உண்டு. 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 1200 கி.மீ., 90 மணி நேரம் என்ற கணக்கில் நடக்கிறது. அந்த வழியில் வந்தவைதான் நம் ஊர் கிளப்புகளும் நடத்தும் ப்ரெவே ஓட்டங்கள், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்கள். 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம். கண்ட்ரோல் எனப்படும், வந்ததற்கு முத்திரை வாங்கும் நிறுத்தங்களைத் தவிர வழியில் உதவி வண்டி வரக் கூடாது. முதல் வந்தவர், கடைசி வந்தவர் என்ற பேதமும் இல்லை. சாதாரண ஹைப்ரிட் சைக்கிளிலேயே இதை முடிக்கலாம்.

முதல் வேலை சீட் உயரம். நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது பரவலான பழக்கம். 10 கி.மீ.க்கு அது தெரியாது, 60 கி.மீ.யில் முழங்கால் சொல்லிவிடும். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணை 0.883-ஆல் பெருக்குங்கள். பெடல் கைகள் சுற்றும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த நீளம் இருக்கட்டும். 80 செ.மீ. அளவு வந்தவருக்கு 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றிய பின் ஓரிரு ஓட்டம் பாருங்கள். சரியான உயரம் கிடைத்ததும் சீட் போஸ்ட்டில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கி இடது காலை ஊன்றப் பழகினால் உயரம் பயமுறுத்தாது.

காற்று அடுத்தது. டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு; அவ்வளவும் அடிக்க வேண்டும் என்பதில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் போட்ட 28 மி.மீ. டயரில் முன்னே 70, பின்னே 75 முதல் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) நன்றாக இருக்கும். 35 மி.மீ. ஹைப்ரிட் டயருக்கு 50 முதல் 60. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து அளவு சொல்ல யாராலும் முடியாது. மீட்டர் வைத்த தரை பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இனி பஞ்சர். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் கொடுத்துப் பழக வேண்டும், ஏனென்றால் நிச்சயம் நடக்கப் போவது இதுதான். பின்சக்கரம் என்றால் முதலில் செயினைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். ரிம் பிரேக் என்றால் அதைத் திறந்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியைத் தொடவே கூடாது; பேட்கள் ஒட்டிக்கொண்டால் டிஸ்க் உள்ளே போகாது. மிச்சக் காற்றை இறக்கி, டயரின் விளிம்பை இருபுறமும் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். இதைச் செய்தால்தான் டயர் தளர்கிறது. இதைத் தவிர்ப்பவர்கள்தான் டயரை நெம்பும் லீவரை உடைக்கிறார்கள். பிறகு வால்வுக்கு எதிர்ப்பக்கம் லீவர் போட்டு ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள்.

உடனே புது டியூபை மாட்டிவிடாதீர்கள். பழையதில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வெளிப்பக்கம் ஒரே ஓட்டை என்றால் முள்ளோ கம்பியோ டயரில் இன்னும் இருக்கிறது. கிராமச் சாலை ஓரங்களில் சீமைக் கருவேல முள், நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி. கம்பி கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் துணியால் சுற்றிலும் துடைத்தால் இழை சிக்கும் இடத்தில் அது இருக்கும். அதை எடுக்காமல் போட்ட புது டியூப் 5 கி.மீ. தாங்குவதே பெரிது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. உட்பக்கம், ரிம்மைப் பார்த்த இடத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை வெளியே தெரிகிறது. டேப்பைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் மாற்றியும் பயனில்லை.

புது டியூபில் உருண்டை வடிவம் வருமளவு மட்டும் காற்றடித்து வால்வை முதலில் ரிம் துளையில் நுழைத்துவிடுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டயர் விளிம்பைக் கட்டைவிரலால் ஏற்றிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசிக் கொஞ்சம் ஏற மறுத்தால் லீவரை எடுக்காமல், எதிர்ப்பக்க விளிம்பை மறுபடி நடுப்பள்ளத்துக்குத் தள்ளுங்கள், இடம் கிடைக்கும். முடிந்ததும் வால்வை ஒரு தடவை உள்ளே அமுக்கி விடுங்கள். டயரை இருபுறமும் விலக்கிப் பார்த்து எங்கும் டியூப் விளிம்புக்கடியில் சிக்கவில்லை என்று உறுதியான பிறகே முழுக் காற்று. சிக்கியிருந்தால் வெடிச்சத்தத்தோடு போய்விடும்.

பையில் இரண்டு டியூப், இரண்டு லீவர், பேட்ச் பெட்டி, கைப்பம்ப் இருக்கட்டும். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க, பழைய டயரில் 5 செ.மீ. துண்டு ஒன்றும் வேண்டும். உங்கள் வால்வு மெல்லிய பிரெஸ்டா வகை என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றையும் போடுங்கள். சாலையோரப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் குழாய் அது இல்லாமல் பொருந்தாது. பேட்ச் ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லப் பூசி, பளபளப்பு போகும் வரை, ஏறக்குறைய 5 நிமிடம், விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிய பேட்ச் வெயிலில் உரிந்துவிடும். இதையெல்லாம் வீட்டு முற்றத்தில் பின்சக்கரத்தை வைத்துச் செய்து பாருங்கள். 20 நிமிடத்துக்குள் முடிந்தால் சாலைக்குத் தயார்.

செயின் அறுவது அரிது. ஆனால் அறுந்தால் கையில் கருவி இல்லாதவர் நடந்துதான் வர வேண்டும். செயின் கட்டர் உள்ள மல்டி டூலும், உங்கள் பின்பக்கக் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குயிக் லிங்க் (செயினை இணைக்கும் மாற்றுக் கண்ணி) ஒன்றும் வேண்டும். 9 கியர் லிங்க் 11 கியர் செயினில் உட்காராது. வெளித்தகடு மட்டும் கெட்டிருந்தால் அதை நீக்கி அந்த இடத்தில் லிங்க்கை மாட்டுங்கள். உள்தகடும் வளைந்திருந்தால் அதையும் அதன் இருபுறமும் உள்ள வெளித்தகடுகளையும் நீக்கி லிங்க்கை மாட்ட வேண்டும். அப்போது செயின் ஓர் அங்குலம் குறையும், முன்னேயும் பின்னேயும் பெரிய பல்சக்கரத்தில் போடாமல் வீடு வாருங்கள். லிங்க் பூட்ட, அதைச் செயினின் மேல்வரிசைக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை அழுத்தினால் 'டக்' என்று விழும்.

தேய்மானத்தை ஸ்கேலிலேயே பார்க்கலாம். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 ஆணி தள்ளி அளந்தால் 304.8 மி.மீ. அது 306.3-ஐத் தொட்டால் மாற்றுங்கள். 308 வரை விட்டால் செயினோடு பின் கியர் செட்டும் போகும், செலவு பல மடங்கு. எண்ணெய் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு, பின் வெளியே முழுதாகத் துடைப்பு. வெளியில் மின்னும் எண்ணெய் மணலைத்தான் பிடிக்கும். கடற்கரைச் சாலையில் ஓடி வந்தால் அன்றே துடையுங்கள், உப்புக்காற்று ஒரே இரவில் துருவைக் காட்டும்.

வலப்பக்கமாக விழுந்தீர்களா? உடனே ஏறி மிதிக்காதீர்கள். செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் பின் டிரெய்லியர் உள்ளே வளைந்திருக்கலாம், அப்போது பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் அது ஸ்போக்கில் சிக்கி இரண்டும் நாசம். பின்னாலிருந்து பார்த்து, செயினோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று கவனித்த பிறகே நகருங்கள்.

ஓட்டும் முறையில் இரண்டு சொன்னால் போதும். மிதிப்பது நிமிடத்துக்கு 80-க்கு மேல் இருக்கட்டும். 15 வினாடியில் வலது முழங்கால் 20 தடவை எழுந்தால் சரி. கனத்த கியரில் மெல்ல மிதிப்பது வீரமாகத் தெரியும், 120 கி.மீ.க்குப் பிறகு தொடை மறுத்துவிடும். பாலம் ஏறத் தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள், பாரம் ஏறிய பின் மாற்றினால் செயின் நொறுங்கும் சத்தம் கேட்கும். பிரேக் இரண்டையும் பிடியுங்கள், நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்னதுதான். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, படிப்படியாக அழுத்துங்கள். மழையில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். வெள்ளைக்கோட்டின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது.

நம் வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர் தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புச்சத்து குறைந்து தலை சுற்றும். ஒரு பாட்டிலில் தண்ணீர், மற்றதில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை நீர். பசிக்கும் வரை காத்திருக்காமல் 45 நிமிடத்துக்கு ஒரு வாழைப்பழமோ சில கடலை மிட்டாயோ. நடுவழியில் பரோட்டா, பிரியாணி என்று முழு வயிறு சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் கால் நகராது.

கடைசியாக நேரக் கணக்கு. 13½ மணி நேரத்தில் 200 என்றால் மணிக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, நிற்கும் நேரமும் சேர்த்து. மணிக்கு 20-இல் ஓட்டினால் 10 மணி நேரம் மிதிப்பு, மூன்றரை மணி நேரம் கையிருப்பு. 18-இல் ஓட்டினால் கையிருப்பு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. அதில் ஒரு பஞ்சர், இரண்டு வேளைச் சாப்பாடு, கண்ட்ரோலில் முத்திரை, எல்லாம் அடங்க வேண்டும். நேரம் மிதிப்பதில் போவதைவிட டீக்கடைப் பெஞ்சில்தான் அதிகம் போகும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால், சென்னை நோக்கித் திரும்பும்போது எதிர்காற்று. முதல் பாதியில் கிடைத்த வேகத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் கெடு மாலை 7.30, அதற்குள் இருட்டிவிடும். முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் சைக்கிளிலேயே பொருத்தியிருக்க வேண்டும், ஒளி திருப்பும் ஜாக்கெட்டும் போட வேண்டும். பின் விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது; அதனால் அங்கு மட்டும் விளக்கு இரண்டாக இருக்கட்டும்.